வள்ளத்தில் தவறிய வெள்ளி நாகம்

கேள்வி: கனடாவிலிருந்து பிள்ளைகளுடன் வந்து நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசித்துத் திரும்பிய குடும்பமொன்று, நினைவாக வாங்கிய வெள்ளி நாகத்தை வள்ளத்தில் தவறவிட்டது. மறுநாள் குறிகட்டுவான் துறையில் வள்ளக்காரர் அதைக் கொடுத்தார். இது அபசகுனமா? பரிகாரம் என்ன?
(வாசகி, டொராண்டோ)

பதில்: கைப்பையின் வாய் திறந்து கிடந்ததற்கு அம்பாள் பொறுப்பல்லள். கடலில் தவறி மீண்ட பொருளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே இங்கு கேட்கத்தக்க கேள்வி. அதற்குரிய விடையோ தரிசித்து வந்த அந்த ஆலயத்திலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்ததும், பேராசிரியர் கா. இந்திரபாலா படித்து வெளியிட்டதுமான அக்கல்வெட்டு, பரதேசிகள், அதாவது அயல்நாட்டு வணிகர், ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறையில்) வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்று கூறிவிட்டு, கலம் உடைந்தால் சரக்கைப் பங்கிடும் முறையையும் வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கெட்டால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கு ஏற்றிய கலமாயின் இருவருக்கும் சரிபாதி. மன்னனுக்கு யானை குதிரைகள்மேல் விருப்பம் இருந்தமையால் அவற்றைக் கொணர்ந்தவனுக்குச் சலுகை கூடியது. அறத்திலும் அரசர்கள் கணக்குப் பார்த்தே நடந்திருக்கிறார்கள். ஆயினும் பாதியேனும் திரும்பக் கிடைப்பது அந்நாளில் சிறிய காரியமன்று. உடைந்த கலத்தின் சரக்கு முழுவதையும் முன்னைய அரசர்கள் கவர்ந்துகொண்டதை, காகதீய கணபதிதேவர் 1244 இல் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளித் துறையில் பொறித்த அபய சாசனம், அதாவது அஞ்சவேண்டா என வணிகருக்கு அளித்த ஆணை, எடுத்துரைக்கிறது.

வாசகியின் நாகம் யானையுமன்று, குதிரையுமன்று. ஆகவே சரிபாதிக் கணக்கில் சேரும். வள்ளக்காரருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதைப் பற்றி, பரிகாரத்தை இருமுறை கேட்கும் அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நாகத்தின் பாதி விலையை அடுத்த வருகையில் அவர் கையில் சேர்ப்பதும், அவர் வாங்க மறுப்பாராயின் ஆலயத்தின் அன்னதானத்துக்கு அளிப்பதும் போதுமான பரிகாரமாகும்.

கேள்வி: தவறிய பொருள் திரும்பி வரவே இல்லையென்றால்?
(வாசகர், வேலணை)

பதில்: மணிமேகலைக் காப்பியம் கூறும் ஆபுத்திரன், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்துடன் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன். காற்றினால் கப்பல் மணிபல்லவத்தில் தங்க, அவன் கரையில் இறங்கினான். ஏறிவிட்டான் என்று எண்ணிய மாலுமிகள் இரவில் பாய் விரித்துச் சென்றுவிட்டனர். பயணத்தில் பாத்திரத்தைத் தொலைத்தவர் பலர். பாத்திரம் இருக்கக் கப்பலைத் தொலைத்தவன் அவன் ஒருவனே. உண்பாரில்லாத தீவில் தான்மட்டும் உண்ண மனமின்றி, ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்படுக என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, அவன் உண்ணாதிருந்து உயிர் நீத்தான். வைகாசி விசாகத்தன்று அது எழுந்து மணிமேகலையின் கையில் சேர்ந்தது. மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோர் பலர் உளர். அங்குள்ள அன்னதான மண்டபமும் அமுதசுரபி என்றே பெயர் பெற்றுள்ளது. திரும்பி வராத பொருள் எவர் கையில் இருக்கிறது என்று வேலணை வாசகர் சினம் கொள்வதற்கு முன், அக்கையில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

கேள்வி: தொலைந்த பொருள் கிடைக்க எந்தத் தெய்வத்தை வேண்டுவது?
(வாசகி, புங்குடுதீவு)

பதில்: புதுக்கோட்டைச் சீமையார் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வர், வடமொழி மரபினர் கார்த்தவீரியார்ச்சுனனை நினைப்பர்; இருசாராரும் முதலில் தலையணைக்கு அடியில் தேடுவர்.

கேள்வி: நெடுந்தீவின் பவளக்கல் மதிலிலிருந்து நினைவுக்காக எடுத்துச் சென்ற கல், விமான நிலையத்தில் காணாமற் போயிற்று. அதை மீட்க வழிபாடு உண்டா?
(வாசகர், இலண்டன்)

பதில்: முதலில் தொலைத்தது மதிலுக்கு உரியவர், வழிபாடு இருந்தால் அவருக்கே அறிவிக்கப்படும்.