வேண்டுதல் இல்லாத ஒரு நாள்

ஓய்வு என்பது வேலையற்ற நேரம் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் பயணத்திற்கென ஒதுக்கிய நாட்களிலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் மனிதரைத் துரத்துவதைக் காணும்போது, அவசரத்தின் வேர் வேலையில் மட்டும் இல்லை என்பதும், எங்கு சென்றாலும் எதையேனும் பெற்றுத் திரும்ப வேண்டும் என்னும் விழைவிலும் அது ஊன்றியிருக்கிறது என்பதும் புலப்படும். அவ்விழைவைத் தளர்த்தும் இடங்களுள் ஒன்று ஜப்பானின் மியே மாநிலத்திலுள்ள இசே திருத்தலம்.

காமி எனப்படும் தெய்வங்களைப் போற்றும் ஷின்டோ மரபில் இசே தலையாய இடம் பெற்றது. உணவின் தெய்வமான டொயோஉகே உறையும் வெளிக்கோயிலான கெகூவை முதலில் வணங்கி, அதன்பின் சில கிலோமீட்டர் தொலைவில் கதிரவனின் தெய்வமான அமதெராசு உறையும் உட்கோயிலான நைகூவுக்குச் செல்வதே வழிவழி வந்த முறை என்பதால், ஒரு பகற்பொழுதை முழுமையாக அளிப்பவருக்கே இத்தலம் தன் இயல்பைக் காட்டுகிறது. நைகூவின் வாயிலில் இசுசு ஆற்றைக் கடக்கும் உஜி பாலத்தின் முன் நிற்கும் தோரி என்னும் மர நுழைவாயிலின் நடுவே, ஆண்டின் மிகக் குறுகிய பகலைக் கொண்ட நாட்களில் கதிரவன் எழுவதைக் காண மக்கள் விடியுமுன்னரே கூடுகின்றனர். பாலத்தைக் கடந்தபின் சரளைக்கல் பாதை உயர்ந்த சுகி மரங்களிடையே செல்கிறது. ஆற்றங்கரைப் படிகளில் இறங்கிக் குளிர்ந்த நீரில் கைகளைத் தூய்மை செய்பவர், விரல்கள் விறைக்கும் அக்கணத்தில், அடுத்துச் செய்ய வேண்டியவற்றை மறந்து, இருக்கும் இடத்திலேயே முழுமையாக இருக்கிறார்.

பாதையின் முடிவிலோ கண்ணுக்கு விருந்தாக எதுவும் காட்டப்படுவதில்லை. கருவறைக் கட்டடம் பல அடுக்கு வேலிகளுக்குள் மறைந்திருக்க, வெண்திரை தொங்கும் வாயிலின் முன்னரே பொதுமக்கள் வணங்கித் திரும்புகின்றனர். கற்படிகளுக்கு மேல் படம் எடுப்பதற்கும் இடமில்லை. தலைமைச் சன்னிதியில் தனக்கென வேண்டாமல் நன்றி மட்டும் கூறுவதே மரபு. பிற கோயில்களில் கிடைக்கும் ஓமிகுஜி என்னும் குறிச்சீட்டும் இங்கு இல்லை. காட்சி, படம், வரம், எதிர்காலம் ஆகிய நான்கையும் எதிர்பார்த்து வந்தவருக்கு இது ஏமாற்றமாகலாம். எனினும் பெறுவதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் நடந்துவந்த வழியே பயணத்தின் பயன் என்பது விளங்கத் தொடங்குகிறது.

கி.பி. 690 முதல் இக்கோயில்கள், போர்க்காலங்களில் நேர்ந்த இடைவெளிகள் நீங்கலாக, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாக எழுப்பப்பட்டு வருகின்றன. 62ஆவது புதுப்பிப்பு 2013இல் நிறைவுற்றது. இதற்கு வேண்டிய ஹினோகி மரங்களைத் தலத்தின் சொந்தக் காட்டிலேயே வளர்க்க 1923இல் வகுக்கப்பட்ட திட்டம் இருநூறு ஆண்டுகளை அளவாகக் கொண்டது. நட்டவர் எவரும் அம்மரம் தூணாவதைக் காணப்போவதில்லை என்று அறிந்தே நட்டனர். தன் வாழ்நாளுக்குள் எல்லாவற்றையும் அடைந்துவிட வேண்டும் என்னும் பதற்றத்திற்கு இதைவிடத் தெளிவான மறுமொழி அரிது. ஆதலால் நிதானமாகக் கழிக்கும் ஒரு நாளை வீணான நாள் என்று எண்ணத் தேவையில்லை. பலன் கேளாமல் கொடுக்கக் கற்ற நேரமே உண்மையான ஓய்வு, அதை ஆண்டுக்கு ஒரு நாளேனும் பழகுவது வாழ்வுக்கு இன்றியமையாதது.