பெயர் சுட்டாத அகம்

ஒருவர் உயிரோடு இருந்தபோது சொல்லாமல் வைத்திருந்த அந்தரங்கத்தை, அவர் மறைந்தபின் பிறர் ஊகித்துச் சொல்லலாமா? ஹாலிவுட்டின் பழைய நடிகர்களில் யார் யார் தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்ந்தார்கள் என்று பல பத்தாண்டுகளாக நடக்கும் தேடல் இந்த அறவியல் கேள்விக்கு நல்ல சோதனைக்களம். அங்கே மௌனம் தானாக அமையவில்லை. கூலி கொடுத்துக் கட்டி எழுப்பப்பட்டது.

ஸ்டுடியோ ஒப்பந்தங்களில் ஒழுக்க விதி என்று ஒரு பிரிவு இருந்தது. 1930ல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹேய்ஸ் தணிக்கை விதிகள் 1968 வரை நீடித்தன. 1930ஆம் ஆண்டு வாக்கில் வசூலில் முன்னணியில் இருந்த வில்லியம் ஹேய்ன்ஸ், தன் துணைவர் ஜிம்மி ஷீல்ட்ஸை விட்டு விலக மறுத்ததால் எம்.ஜி.எம். நிறுவனத்திலிருந்து வெளியேற நேர்ந்தது என்பது அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும் செய்தி. பிறகு அவர் வீட்டு உள்ளலங்காரத் தொழிலுக்குப் போய் நன்றாகவே வாழ்ந்தார். 1973ல் ஹேய்ன்ஸ் இறக்கும்வரை இருவரும் பிரியவில்லை. ராக் ஹட்சன் வேறு வழியில் போனார். 1955ல் தன் ஏஜெண்டின் செயலாளரான பிலிஸ் கேட்ஸை மணந்தார். மூன்றே ஆண்டில் மணமுறிவு. 1985 ஜூலையில் அவருக்கு எய்ட்ஸ் என்ற செய்தி வெளியானது; அக்டோபர் 2ஆம் தேதி இறந்தார். உலகம் ஊகித்ததை அவர் கடைசிவரை தன் வாயால் மேடையில் சொல்லவில்லை. டேப் ஹன்டரோ 2005ல் தன்வரலாற்றில் தானே எழுதிவிட்டார். அத்தோடு அவரைப் பற்றிய ஊகம் செய்தியாகிவிட்டது.

சிக்கலானது கேரி கிராண்ட், ராண்டால்ஃப் ஸ்காட் போன்றோரின் கதை. 1930களில் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தும், நீச்சல்குளத்துக்கு அருகே சிரித்தபடியும் அவர்கள் இருக்கும் படங்கள் அன்றைய விளம்பரத்துக்காகவே எடுக்கப்பட்டவை. கிராண்ட் ஐந்து முறையும் ஸ்காட் இரண்டு முறையும் மணம் செய்துகொண்டார்கள். சான்று இவ்வளவுதான். படத்தைப் பார்த்து ஒருவர் காதல் என்கிறார். இன்னொருவர் வாடகை மிச்சம் என்கிறார்.

இத்தகைய ஊகத்தை மறுப்பவர்கள் வழக்கமாக, செத்தவர் பெயரைக் கெடுக்காதே என்கிறார்கள். இந்த வாதத்துக்குள்ளேயே ஒரு கோளாறு இருக்கிறது. பெயர் கெடும் என்றால் தன்பாலீர்ப்பு இழிவு என்று முன்பே முடிவுசெய்தாயிற்று. சான்று எங்கே என்று கேட்பவர்களும் ஒரு பக்கமாகவே கேட்கிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் உள்ள கதாநாயகன் பெண்களைத்தான் விரும்பினான் என்பதற்கு யாரும் சான்று கேட்பதில்லை. கல்யாணப் பத்திரிகை எவர் உள்ளத்துக்கும் சாட்சி ஆகாது. அப்படிப் பார்த்தால் இரண்டும் ஊகமே. ஒன்று மட்டும் ஊகம் என்ற பெயர் வாங்காமல் தப்பிக்கிறது.

ஊகத்தை விற்றுப் பிழைத்தவர்கள் தமிழிலும் உண்டு. அமெரிக்காவில் 1952ல் தொடங்கிய கான்ஃபிடென்ஷியல் இதழ் ஹாலிவுட் நடிகர்களை வைத்துச் செய்ததை, அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே சென்னையில் சி.என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’வில் செய்துகொண்டிருந்தார். நடிகர் நடிகையரின் படுக்கையறைக் கதைகள்தான் சரக்கு. திரையுலகினர் ஆளுநரிடம் முறையிட்டு உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் ‘இந்து நேசன்’ வழியாகத் தொடர்ந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகையில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை தொடர்பாக நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்து, பிரிவி கவுன்சில் வரை போன வழக்கில் 1947ல் விடுதலையானார்கள். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை. கிசுகிசுவை எழுதியவர், எழுதப்பட்டவர்கள் இருதரப்பும் அடிபட்ட வழக்கு இது.

தன்பாலீர்ப்பைச் சூழ்ந்த மௌனத்துக்குச் சட்டம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? புதுச்சேரியின் கதை அதற்கு இடம் கொடுப்பதில்லை. தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து பிரான்ஸ் 1791லேயே நீக்கிவிட்டது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819ல் புதுச்சேரிக்கு வந்தன. ஆக, இன்று உழவர்கரை நகராட்சியில் இருக்கும் சாரத்தில் அன்று தனியிடத்தில் வயதுவந்த இருவர் கூடினால் அது குற்றமல்ல. சில கல் தொலைவில் ஆங்கிலேயர் எல்லைக்குள் போனாலோ, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகலாம். 1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறியது. 1962ல் சட்டப்படி இணைப்பு. 1963ல் இந்திய தண்டனைச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது. விடுதலையோடு சேர்ந்து வந்தது வெள்ளைக்காரன் எழுதிய ஒரு தடை. 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் விஷயத்தில் அதை நீக்கியது. ஆனால் சட்டத் தடை இல்லாத அந்த நூற்று நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளிலும் இது இங்கே வெளிப்படையாகப் பேசப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. சட்டம் சும்மா இருந்தது. சாதிசனமும் சொந்தபந்தமும் சும்மா இருக்கவில்லை.

இறந்தவரின் நெஞ்சைப் பின்வந்தோர் வாசிக்கும் சிக்கலுக்குத் தமிழிலேயே பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டில் பிசிராந்தையார். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. தன் பிள்ளைகளோடு ஏற்பட்ட பகையில் சோழன் உண்ணாமல் வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் வருவார் என்று நம்பி அவருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து உடன் உயிர்விட்டார். புறநானூற்றுப் பாடல்கள் இதைச் சொல்கின்றன. குறளின் நட்பு அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்த இருவரையே எடுத்துக்காட்டினார். புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசன் எழுதிய ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்கு அவர் மறைவுக்குப் பிறகு, 1969ல், சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இன்று படிக்கும் ஒருவர், இது நட்பு மட்டும்தானா என்று கேட்டால் அதில் தவறில்லை. பதில் கிடைக்க வழியில்லை என்பதுதான் உண்மை. பாடல்களைப் புறத்தில் வைத்தது தொகுத்தவர்களின் முடிவு. அதிலிருந்து அந்த இருவரின் நெஞ்சை அளக்க முடியாது.

அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே தொல்காப்பியம் வகுத்த எல்லை இங்கே உதவுகிறது. அகத்திணையில் காதலரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது அதன் விதி. நக்கீரரின் நெடுநல்வாடை பிரிந்திருக்கும் தலைவியைப் பற்றிய பாட்டுத்தான். ஆனால் அதில் வேலின் தலையில் பாண்டியனின் வேம்பு வந்துவிடுகிறது. ஆளை அடையாளம் காட்டும் அந்த ஒரு குறிப்புக்காகவே நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். காதலை எவ்வளவு நுணுக்கமாகவும் பேசலாம், யாருடையது என்று மட்டும் கேட்காதே என்ற இந்த ஏற்பாட்டை இலக்கிய மரபு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஓர் அறநிலையும் அதில் இருக்கிறது. ஆனால் அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்திணைக் காதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது. அவர்கள் பெயரின்றி இருந்தாலும் பாட்டில் இருக்கிறார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பெயரும் இல்லை, பாட்டும் இல்லை. பழைய நடிகர்களுக்குள் தம்மைப் போன்ற ஒருவரைத் தேடுகிறவர்களின் தாகம் இங்கிருந்துதான் வருகிறது. அதைக் கிசுகிசுவோடு சேர்த்து எண்ணுவது அநியாயம். விட்டோ ருஸோ 1981ல் எழுதிய ‘தி செல்லுலாய்ட் க்ளோஸட்’ ஓரளவு சரியான பாதையைக் காட்டியது: நடிகர்களின் படுக்கையறையைவிடத் திரையில் வந்த பாத்திரங்களையே அது அதிகம் ஆராய்ந்தது.

ஒப்பந்தத்தில் இருந்த விதி, தணிக்கை அலுவலகத்தின் கடிதம், ஏற்பாடு செய்த திருமணத்தின் விளம்பரம் ஆகியவை புறம். அவற்றைப் பெயர் சொல்லியே எழுதலாம், எழுதவும் வேண்டும். ஹன்டர் போல ஒருவர் தானே சொன்னதையும் எழுதலாம். மீதியைப் பொறுத்தவரை, தெரியாது என்று எழுதுவது இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்: கிராண்ட் ஆண்களை விரும்பினார் என்றும் எழுத முடியாது, விரும்பவே இல்லை என்றும் எழுத முடியாது.

சட்டம் இதில் இறந்தவருக்குத் துணை நிற்பதில்லை. ‘தலைவி’ படத்துக்கு எதிராக ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை ஒருவரின் சாவோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு அது போகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021ல் சொன்னது. திருக்குறளின் பத்தொன்பதாம் அதிகாரமான புறங்கூறாமை எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பேசும் பேச்சைக் கண்டிக்கிறது. இறந்தவர் என்றைக்குமே எதிரில் இல்லாதவர். உயிரோடு இருப்பவர் விஷயத்தில் இத்தனை யோசனை தேவையில்லை. பாலின ஈர்ப்பு அந்தரங்கத்தின் சாரமான பகுதி என்று 2017 ஆகஸ்ட் 24ல் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதி அமர்வு ஏற்றுக்கொண்டது. சொல்வதா வேண்டாமா, எப்போது, யாரிடம் என்பதெல்லாம் அவரவர் கையில்.