கல்யாணம் ஆச்சா?

பூந்தமல்லியில் பஸ் ஏறி காஞ்சிபுரம் பக்கம் போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் ஜன்னல் வழியாகச் சுவர்களைக் கொஞ்சம் படித்துக்கொண்டே போங்கள். சுங்குவார்சத்திரம் வரைக்கும், அந்தப் பக்கம் ஒரகடம் வரைக்கும், கரண்ட் கம்பம், புளியமரம், டீக்கடைத் தட்டி எதையும் விட்டுவைக்காமல் ஒரே மாதிரி நோட்டீஸ். ‘ஆட்கள் தேவை. பத்தாவது, பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ. தங்குமிடம், சாப்பாடு, பஸ் வசதி உண்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு.’ கீழே ஒரு செல் நம்பர்.

இந்த நோட்டீஸை மனசின் ஓரமாக ஒட்டி வையுங்கள். பிறகு வருவோம். இப்போது உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கும் விளம்பரப் பலகைக்கு வாருங்கள். செல்போனைத்தான் சொல்கிறேன்.

போன வாரம் ஏதோ ஒரு யோசனையில் மிக்ஸி விலை பார்த்தீர்கள். வாங்கவில்லை. அன்றைக்குப் பிடித்தது சனி! கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் மிக்ஸி. ராசிபலன் பார்க்கப் போனால் மிக்ஸி. மரண அறிவிப்புக்குக் கீழேகூட மூன்று ஜாருடன் ஒரு மிக்ஸி சிரிக்கிறது. தொல்லை தாங்காமல் வாங்கித் தொலைத்தால், அதற்கப்புறமும் பத்து நாள் மிக்ஸி.

நாலு பேர் கூடும் இடத்தில் ஒருத்தர் கட்டாயம் அடித்துச் சொல்வார்: “நாம பேசுறதை இது ஒட்டுக் கேக்குது சார்! நேத்து ராத்திரி நானும் வொய்ஃபும் ஊட்டி போலாமான்னு பேசினோம். காலையில பார்த்தா ஊட்டி ஹோட்டல் விளம்பரம்!”

விளம்பரத்துக்காகப் போன் எல்லார் பேச்சையும் ஒட்டுக் கேட்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் வந்ததில்லை. சொல்லப் போனால், அதற்கு அவசியமே இல்லை. போன வருஷம் இதே பள்ளி விடுமுறைக்கு நீங்கள் எங்கே போனீர்கள் என்று அதற்குத் தெரியும். உங்கள் மனைவி முந்தா நாள் ‘ஊட்டியில் இப்போது குளிருமா’ என்று தேடியது தெரியும். இரண்டு போன்களும் ராத்திரி ஒரே வை-ஃபையில், ஒரே கூரையின் கீழ் தூங்குவதும் தெரியும். இதற்கு மேல் காதை வேறு தீட்ட வேண்டுமா?

ஆரம்பித்தது சின்னதாகத்தான். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டூலி என்ற இளைஞர் ‘குக்கீ’ என்ற சமாசாரத்தை உருவாக்கினார். இன்டர்நெட் கடைக்குள் நீங்கள் கூடையில் போட்ட சாமானை, அடுத்த பக்கம் திருப்பினாலும் கடை மறக்காமல் இருக்க ஒரு சின்னக் குறிப்புச் சீட்டு. அவ்வளவுதான் நோக்கம். அந்தச் சீட்டை விளம்பரக் கம்பெனிகள் கையில் எடுத்துக்கொண்டு, நீங்கள் ஏறி இறங்கும் எல்லாக் கடைகளுக்கும் பின்னாலேயே வர ஆரம்பித்தன. இன்றைக்கு நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், அது முழுசாக விரிவதற்குள் உங்கள் போனின் அடையாள எண், இருக்கும் ஊர், ரசனை எல்லாம் ஓர் ஏலக்கூடத்துக்குப் போய், கம்பெனிகள் விலை கேட்டு, ஜெயித்தவரின் விளம்பரம் உங்கள் முன் வந்து நிற்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். நீங்கள் கூடைக்குள் இருக்கிறீர்கள்.

நான் பி.காம். படித்தவன். ஒரு கம்பெனியைப் பற்றி என்ன சொன்னாலும், ‘அதெல்லாம் இருக்கட்டும், வரவு எங்கேயிருந்து?’ என்றுதான் கேட்கத் தோன்றும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டாவின் 2024-ம் வருஷ வருமானம் சுமார் 164 பில்லியன் டாலர். அதில் 160 பில்லியன் விளம்பரத்தில் வந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். இங்கே மாட்டைத் தானம் கொடுத்தவர் அல்லவா நம் வாயைத் திறந்து பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறார்!

“எண்ணிட்டுப் போகட்டும் சார். நான் என்ன கொலையா பண்ணியிருக்கேன்? மறைக்க என்கிட்ட என்ன இருக்கு?” - இதைச் சொல்லாதவர்களே குறைவு. நியாயமான கேள்விதான். நம் தெருமுனை அண்ணாச்சிக்கு நம் வீட்டு விவகாரம் எது தெரியாது? கால் கிலோ காபித்தூள் கூடுதலாக வாங்கினால், “என்ன, ஊர்லேர்ந்து ஆளு வந்திருக்கா?” என்கிறார். மாசக் கடைசியில் கடன் சொன்னால் சம்பளம் லேட் என்று தெரிந்துகொள்கிறார். அவரைப் பார்த்து நாம் பயந்தோமா?

இல்லை. ஏனென்றால் அவரையும் நமக்குத் தெரியும். எந்த ஊர்க்காரர், பையன் பிளஸ் டூவில் எத்தனை மார்க் வாங்கினான், எந்தப் பருப்பில் கல் கலந்திருக்கும்... எல்லாம் அத்துப்படி. ரொம்பப் பேசினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். அவர் உங்களைப் பார்ப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். செல்போனில் அந்த இரண்டாவது பாதி கிடையாது. அதற்காகப் பழைய ஊர்த் திண்ணையை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பொம்பளைப் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று கணக்கெடுத்த திண்ணை அது. அந்தக் கண்களிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கலாம் என்றுகூட எத்தனையோ பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு இந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்திருப்பார்கள்.

வந்தவர்களிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா?

2024 ஜூன் 25-ம் தேதி ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், கல்யாணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்பது செய்தி. வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு 2023 மார்ச்சில் இரண்டு சகோதரிகள் ஆலை வாசலுக்குப் போயிருக்கிறார்கள். காவலர் கேட்டது ஒரே கேள்வி. “கல்யாணம் ஆச்சா?” ஆச்சு என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார். இன்டர்வியூ கிடையாது. கூட்டிக்கொண்டு போன ஆட்டோக்காரருக்கே இந்த விஷயம் முன்கூட்டித் தெரிந்திருந்ததாம்!

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே... இதோ. தாலி. மெட்டி. ஊரைக் கூட்டி, மேளம் கொட்டி, பத்திரிகை அடித்துச் செய்த ஒரு காரியம். அதில் ஒளிக்க என்ன அசிங்கம் இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் தப்பான வாசலில், தப்பான ஆளுக்குத் தெரிந்தால், அதே விஷயம் ஒருத்தியின் சம்பளத்தைத் தின்றுவிடுகிறது. நல்லதா கெட்டதா என்பதை வைத்து ரகசியத்தை நாம் எடை போடுகிறோம். எதிரில் இருப்பவர் போடும் எடைக்கு வேறு தராசு.

மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பாரபட்சம் எதுவும் இல்லை, கடைசியாக எடுத்த பெண்களில் கிட்டத்தட்ட 25 சதவீதம் பேர் கல்யாணமானவர்கள் என்றது ஃபாக்ஸ்கான். நேரில் விசாரித்த அதிகாரிகளிடம் நிறுவனம் கொடுத்த கணக்கோ, மொத்தம் 33,360 பெண்களில் 2,750 பேர், அதாவது சுமார் 8 சதவீதம் கல்யாணமானவர்கள் என்று சொன்னது. எது பொய் என்று அடித்துக்கொள்ள வேண்டாம். ஒன்று வரவு, இன்னொன்று கையிருப்பு. இரண்டுமே நிஜமாக இருக்கலாம். இப்போதைய வரவு 25 என்றால், கையிருப்பு 8-ல் நிற்பதற்கு முன்பெல்லாம் வரவு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த ஆலையில் உருவாகும் ஐபோனின் பெரிய பெருமை என்ன? அந்தரங்கம்! 2019 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரத்தில், உங்கள் ஐபோனுக்குள் நடப்பது ஐபோனுக்குள்ளேயே இருக்கும் என்ற அர்த்தத்தில் ஒரு கட்டடம் உயரத்துக்கு விளம்பரம் வைத்தது ஆப்பிள். 2021 ஏப்ரலில் இருந்து, ஓர் ஆப் உங்களைப் பின்தொடர நினைத்தால் ஐபோன் முதலில் உங்களிடம் பணிவாக அனுமதி கேட்கிறது. வேண்டாம் என்று ஒரு தட்டு தட்டினால் போதும். ஜனங்கள் தட்டினார்கள் பாருங்கள், அந்த மாற்றத்தால் 2022-ல் மட்டும் சுமார் 10 பில்லியன் டாலர் நஷ்டம் என்று மெட்டாவே கணக்குச் சொன்னது. வெறும் கேள்வி! ‘கேட்டுவிட்டுச் செய்’ என்பதற்கே அவ்வளவு விலை. (ஆப்பிளை உடனே அரிச்சந்திரன் ஆக்கிவிடாதீர்கள். தன் சொந்தக் கடையில் விளம்பரம் காட்ட ஒழுங்காகச் சம்மதம் வாங்கவில்லை என்று 2023 ஜனவரியில் பிரான்ஸ் நாட்டு ஆணையம் அதற்கு 80 லட்சம் யூரோ அபராதம் அறிவித்தது.)

போனை வாங்கினவரிடம் ‘உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளலாமா?’ என்று கேட்கிறது கருவி. போனைச் செய்ய வந்தவளிடம் ‘கல்யாணம் ஆச்சா?’ என்று கேட்கிறது வாசல். அந்தரங்கம் என்பது போனோடு சேர்த்து விற்கிற சாமான் ஆகிவிட்டால் இப்படித்தான் ஆகும். வாங்க முடிந்தவருக்கு உண்டு.

போன் மட்டும் இல்லை. இதே சுங்குவார்சத்திரத்தில் டி.வி. தயாரிக்கிற சாம்சங், அந்தரங்கமான விஷயங்களை டி.வி. முன்னால் பேசினால் அதுவும் பதிவாகி மூன்றாம் ஆளுக்குப் போகலாம் என்று தன் விதிமுறையிலேயே எழுதியிருந்தது 2015-ல் அம்பலமாகி, உலகமே சிரித்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோவோடு சேர்ந்து ஆலை திறந்த நிஸானின் அமெரிக்க விதிமுறையில், சேகரிக்கக்கூடிய தகவல்கள் பட்டியலில் படுக்கையறை விவகாரம்கூட இருப்பதை 2023-ல் மொசில்லா அமைப்பு கண்டுபிடித்துச் சொன்னது. தெரிந்தே அப்படியெல்லாம் சேகரிப்பதில்லை, சட்டத்துக்காக எழுதியது என்றது நிஸான். காருக்கு எதுக்குய்யா அது? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியபோது இந்த மண்ணில் பிறந்த போன்களுக்கு டார்ச் அடிக்கவும் பாம்பு விளையாடவும்தான் தெரிந்தது. அந்த ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது.

சரி, அந்த நோட்டீஸுக்கு வருவோம். சுவரில் ‘திருமணமாகாத பெண்கள் மட்டும்’ என்று ஒருவர் அச்சடித்து ஒட்டுகிறார் என்று வையுங்கள். அநியாயம்தான். ஆனால் கல்யாணமான பெண்ணும் அதைப் படிக்கிறாள். ‘நம்மை ஒதுக்குகிறார்கள்’ என்று அவளுக்குத் தெரிகிறது. கோபப்படலாம், போட்டோ எடுக்கலாம், யூனியன்காரரிடம் காட்டலாம். ராய்ட்டர்ஸ் நிருபருக்குக் கையில் பிடிக்க ஒரு விளம்பரம் கிடைத்தது என்பதை மறக்காதீர்கள்.

இதையே செல்போனில் குறி வைத்துக் கொடுத்தால்? கல்யாணமானவள் கண்ணில் அந்த விளம்பரம் படவே படாது. அவளுக்கு யாரும் இல்லை என்று சொல்லவில்லை. வாசலில் யாரும் திருப்பி அனுப்பவில்லை. வேலை இருந்ததே தெரியாமல் அவள் பாட்டுக்கு மிக்ஸி விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பாள். நாம் எல்லாரும் தொல்லை செய்கிற மிக்ஸியைத் திட்டுகிறோம். எனக்கென்னவோ மிக்ஸி பாவம் என்று தோன்றுகிறது. வந்து நிற்கிற விளம்பரத்தையாவது நாலு வார்த்தை திட்டலாம். வராமல் போன விளம்பரத்தை யாரிடம் போய்ப் புகார் செய்வது?

கற்பனை செய்து பயமுறுத்தவில்லை. அமெரிக்காவில் வேலை, வீடு, கடன் விளம்பரங்களை வயது பார்த்து, ஆணா பெண்ணா பார்த்து, எந்த ஏரியா என்று பார்த்துக் காட்டுவதற்கு ஃபேஸ்புக் வசதி செய்து கொடுத்திருந்தது. வழக்குகள் வந்து, 2019 மார்ச்சில்தான் அதை நிறுத்தச் சம்மதித்தது. அதுவும் அந்த நாட்டில்.

நம் நாட்டில்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்ட புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி. 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசத்துடன். குழந்தைகளைப் பின்தொடர்வதும், குறி வைத்து அவர்களுக்கு விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது சட்டம். நல்ல விஷயம். பெரியவர்களுக்குச் சம்மதம் கேட்க வேண்டும், அதுவும் சுதந்திரமான சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் நல்லது. ஆனால் அதே சட்டத்தின் ஏழாவது பிரிவில், வேலை சம்பந்தமான காரணங்களுக்காக முதலாளி தன் தொழிலாளியின் தகவலைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. பி.எஃப். கட்ட, சம்பளம் போட அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியின் எல்லை எங்கே முடிகிறது? ‘வேலை சம்பந்தமான காரணம்’ என்ற போர்வைக்குள் எதைத்தான் சுருட்ட முடியாது? சம்மதமே கேட்டாலும்தான் என்ன, வேலை வேண்டும் என்று வாசலில் நிற்பவள் எந்த வாயால் ‘சொல்ல மாட்டேன்’ என்பாள்?

ராய்ட்டர்ஸ் கட்டுரைக்குப் பிறகு ஒன்று நடந்தது. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுகளிடம், விளம்பரத்தில் வயசு, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனதா என்றெல்லாம் போடக் கூடாது, கம்பெனி பெயரையும் போடக் கூடாது என்று ஃபாக்ஸ்கான் சொல்லிவிட்டதாக 2024 நவம்பரில் அதே ராய்ட்டர்ஸ் எழுதியது. நிபந்தனையே போய்விட்டதா, அல்லது நோட்டீஸில் இருந்து மட்டும் போனதா என்பது அந்தச் செய்தியில் இல்லை. அடுத்த தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பாருங்கள். பத்தாவது, பிளஸ் டூ, தங்குமிடம், சாப்பாடு, ஒரு செல் நம்பர். அந்த நம்பருக்கு ஒரு பெண் போன் செய்தால் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கும் அந்தப் போனுக்கும்தான் தெரியும்.