நிறுக்கும் முன்பே முடிவு செய்யும் தராசு

 

 

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்குக் கேடுண்டு என்ற எச்சரிக்கையோடு தொடங்கும் ஓர் அத்தியாயம் திருமறையில் இருக்கிறது. ஸூரத்துல் முதஃப்பிஃபீன் என்பது அதன் பெயர். மளிகைக் கடைக்காரருக்கும் துணி வணிகருக்குமே உரிய எச்சரிக்கை இது என்று நம்மில் பலர் எண்ணிக் கொள்கின்றனர். படிக்கல்லும் முழக்கோலும் கையில் இல்லாதவன் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தாண்டிப் போய்விடுகிறான்.

ஆனால் நம் முன்னோர்கள் அப்படி விளங்கிக் கொள்ளவில்லை. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுத் திரும்புகையில், தொழுகைக்கு வராத ஒருவரைக் கண்டு காரணம் கேட்டார்கள். அவர் ஏதோ காரணம் கூறினார். அதற்கு உமர் (ரலி) அவர்கள், அவர் அளவையில் குறை வைத்துவிட்டதாகக் கண்டித்தார்கள். இதனைத் தங்கள் முவத்தாவில் பதிவு செய்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், நிறைவாக அளப்பதும் குறைவாக அளப்பதும் எல்லாக் காரியத்திலும் உண்டு என்று விளக்கம் தந்துள்ளார்கள். தொழுகையிலேயே அளவைக் குறைவு உண்டென்றால், மனிதனின் உழைப்பை மனிதன் நிறுக்கும் இடத்தில் அது இல்லாமற் போகுமா?

ரெட்மண்டில் நடந்தது

இதற்கு ஒரு பெரும் உதாரணத்தை நம் காலத்திலேயே காண்கிறோம். மைக்ரோஸாஃப்ட் கம்பெனியின் பெயரை அறியாத வீடு இன்று அரிது. 1975 ஆம் ஆண்டு பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரு நண்பர்கள் தொடங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ரெட்மண்ட் நகரில் அதன் தலைமையகம் இருக்கிறது. உலகின் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அதன் விண்டோஸில்தான் இயங்கி வந்தன. அறிவிற் சிறந்த இளைஞர்கள் அங்கே வேலை கிடைப்பதைப் பெரும் பேறாகக் கருதினர். நம் நாட்டு ஹைதராபாத்திலும் 1998 ல் அதன் கிளை தொடங்கப்பட்டது.

இத்தனை செல்வமும் புகழும் இருந்தும், சென்ற 2000 க்குப் பிந்தைய ஆண்டுகளில் அதன் ஊழியர்களின் உள்ளம் நொந்து கிடந்தது. 2004 ஆம் ஆண்டில் செலவைக் குறைப்பதாகச் சொல்லி, ஊழியர்கள் குளிக்கும் அறைகளில் வைத்திருந்த துண்டுகளைக்கூட நிர்வாகம் நிறுத்திற்று. அதே ஆண்டில் பங்குதாரர்களுக்குச் சிறப்பு லாபப் பங்காக ஏறத்தாழ 3,200 கோடி டாலரைப் பகிர்ந்தளித்தது! துண்டு ஒரு பெரிய பொருளா? இல்லை. ஆயினும் தன்னை நிர்வாகம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை ஊழியன் அந்தச் சிறு பொருளில் படித்துக் கொண்டான்.

அதைவிடவும் உள்ளத்தை அறுத்தது, ஸ்டாக் ரேங்கிங் என்ற மதிப்பீட்டு முறைதான். ஒரு பிரிவில் உள்ளவர்களை வரிசைப்படுத்தி, இத்தனை பேர் உயர்ந்தவர், இத்தனை பேர் நடுத்தரம், இத்தனை பேர் தாழ்ந்தவர் என்று கட்டாயமாகப் பிரிக்கும் முறை அது. 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் தலைவராயிருந்த ஜாக் வெல்ச் இத்தகைய முறைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தார். மேலே 20 விழுக்காடு, நடுவே 70, கீழே 10 என்பது அவருடைய கணக்கு. நம் நாட்டுக் கம்பெனிகளிலும் 'பெல் கர்வ்' என்ற பெயரில் இது புழங்கி வந்திருக்கிறது.

இதில் உள்ள அநீதத்தைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஒரு பிரிவில் பத்துப் பேர் இருக்கின்றனர். பத்துப் பேரும் திறமைசாலிகள். பத்துப் பேரும் இரவு பகலாகப் பாடுபட்டுள்ளனர். ஆனால் இருவருக்கு உயர்ந்த மதிப்பு, எழுவருக்கு நடுத்தரம், ஒருவருக்குத் தாழ்வு என்பது அவர்கள் வேலையைத் தொடங்கிய நாளிலேயே முடிவாகிவிட்டது! அந்த ஒருவர் யார் என்பதைத் தேடுவது மட்டுமே மானேஜரின் வேலை. இது நிறுக்கும் தராசா? நிறுப்பதற்கு முன்பே முள்ளை வளைத்துக் கட்டிவிட்ட தராசு அன்றோ!

விளைந்தது என்ன?

2012 ஆம் ஆண்டில் கர்ட் ஐகன்வால்ட் என்ற பத்திரிகையாளர், வானிட்டி ஃபேர் என்ற அமெரிக்க மாத இதழில் இதுபற்றி விரிவாக எழுதினார். தாம் சந்தித்த ஊழியர்கள் அனைவருமே, கம்பெனியின் உள்ளே பெரும் அழிவை விளைத்தது இந்த முறையே என்று கூறியதாக அவர் குறிப்பிட்டார். திறமைசாலிகள் மற்றொரு திறமைசாலியோடு சேர்ந்து வேலை செய்ய அஞ்சினர். சேர்ந்தால் வரிசையில் தாம் கீழே போய்விடுவோமே என்ற பயம்! அறிந்ததை அடுத்தவருக்குச் சொல்லாமல் மறைத்தனர். வேலையைச் செம்மையாகச் செய்வதைவிட, மானேஜர்களின் கண்ணில் படுவதே பிழைக்கும் வழி என்றாயிற்று.

சகோதரர்களே! பொறாமையும் கோளும் மனிதனின் நஃப்ஸில் இயல்பாகவே பதுங்கிக் கிடப்பவை. அவற்றை அடக்கவே மார்க்கம் வந்தது. ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹு தஆலா பரிகாசத்தையும், துருவித் துருவிக் குற்றம் தேடுவதையும், புறம் பேசுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்திருக்கின்றான். அந்தத் தீமைகளுக்கெல்லாம் கூலி கொடுத்து வளர்க்கும் ஏற்பாடு ஒன்றை ஒரு நிர்வாகம் செய்துவிட்டால், அங்கே நல்லவனும் நல்லவனாக நீடிப்பது எவ்வளவு கடினம்!

அந்த நிர்வாகத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2006 ல் ஊழியர் துறையின் தலைவி லிஸா பிரம்மெல் குறைகளைக் கேட்டறிந்து, துண்டுகளைத் திரும்பக் கொடுத்தார். கட்டாயப் பிரிவினையையும் தளர்த்தினார். ஆனால் 2011 ல் 1 முதல் 5 வரையிலான எண்களோடு அது வேறு வடிவில் திரும்பி வந்தது. முடிவில் 2013 நவம்பரில், இனி எண்களும் இல்லை, கட்டாய வரிசையும் இல்லை என்று அதே பிரம்மெல் ஊழியர்களுக்கு அறிவித்தார்.

எண் போயிற்று, அச்சம் போய்விட்டதா? 2014 ஜூலையில் 18,000 பேரையும், 2023 ஜனவரியில் 10,000 பேரையும், 2025 ஜூலையில் ஏறத்தாழ 9,000 பேரையும் குறைப்பதாக அதே கம்பெனி அறிவித்தது. ஆட்குறைப்பு எல்லாமே அநீதம் என்று நாம் கூற வரவில்லை. ஒப்பந்தப்படி, உரிய உரிமைகளைக் கொடுத்து வேலையை முடித்துக் கொள்வதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் நாளை நம் பெயர் வருமோ என்று நடுங்கிக் கொண்டிருக்கும் ஒருவனிடம், மனமொன்றி உழைக்கவில்லையே என்று எப்படிக் குறை கூற முடியும்?

மத்யனில் ஓர் ஒப்பந்தம்

மத்யன் நகரத்தாரிடம் ஷுஐப் நபி (அலை) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அளவையிலும் நிறுவையிலும் மக்களுக்குரியதைக் குறைக்காதீர்கள் என்று அவர்கள் அம்மக்களிடம் மன்றாடினார்கள். அதே மத்யனுக்குத்தான் மூஸா நபி (அலை) அவர்கள், கையில் ஒன்றுமின்றி, உயிருக்கு அஞ்சி வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் அவர்களைக் கூலிக்கு அமர்த்திக் கொண்டார். அப்பெரியவர் ஷுஐப் நபியே என்று விரிவுரையாளர் பலர் கூறுவர்.

ஸூரத்துல் கஸஸில் வரும் அந்த ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். வேலைக்கு வருபவரிடம் இரு தகுதிகள் பார்க்கப்பட்டன: வலிமை ஒன்று, நம்பிக்கைக்குரிய தன்மை மற்றொன்று. இது ஊழியனுக்கு. வேலை கொடுப்பவரோ, எட்டு ஆண்டுகள் என்று தவணையைத் தெளிவாகச் சொன்னார். பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்றார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் நாடவில்லை என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார். இது எஜமானுக்கு. அன்பாக நடத்தப்பட்ட அந்த ஊழியர் எட்டோடு நின்றாரா? இரண்டில் நீண்ட தவணையையே அவர்கள் நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக புகாரியில் வந்துள்ளது.

பயமுறுத்தி வாங்கும் வேலை எட்டோடு நிற்கும். அதிலும் குறைந்து போகும். மதித்து வாங்கும் வேலை பத்தாக நிறையும். பத்து ஆண்டுகள் நாயகத்திருமேனி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருமுறைகூடத் தம்மை அவர்கள் 'சீ' என்று கடிந்ததில்லை என்று நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பதும் அந்தப் பெருமானாரின் போதனையே.

முறையிடுவது புறம் பேசுவதாகுமா?

நம் வாலிபர்கள் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது: "ஹழ்ரத், மானேஜர் அநீதமாக நடக்கிறார். மேலே சொன்னால் புறம் பேசிய பாவம் வருமா?"

வராது. தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. ஆனால் அநீதமிழைக்கப்பட்டவனுக்கு அதில் விலக்களித்துள்ளான். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துரைக்கும்போது, நீதி வழங்கும் சக்தியுள்ளவரிடம் அநீதத்தை முறையிடுவதையே முதலில் வைத்துள்ளார்கள். நீதி செய்யக்கூடியவரிடம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், கூட்டாதீர்கள். தேநீர்க் கடையில் நின்று அவருடைய குடும்பத்தையும் உருவத்தையும் இழுத்துப் பேசினால் அது முறையீடல்ல, புறம்தான்.

கேட்க வேண்டியவர்களுக்கும் கடமை உண்டு. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஹஜ்ஜுக் காலத்தில் தம் கவர்னர்களை வரவழைத்து, மக்கள் முன்னிலையில் நிறுத்தி, இவர்கள்மீது குறையுள்ளவர் எழுந்து சொல்லுங்கள் என்பார்கள். குறையைக் கேட்பதற்கு ஆண்டுதோறும் நாள் குறித்த நிர்வாகம் அது!

இன்னொரு கேள்வியும் வருகிறது: "அவர்கள் எனக்குக் குறைத்து நிறுத்தார்கள். நானும் வேலையில் குறைத்துக் கொள்ளலாமா?" கூடாது! சம்பளம் வாங்கும் நேரம் அமானிதம். அவருடைய தராசு கோணலானால் உம்முடைய தராசையும் கோணலாக்கிக் கொள்ள அது ஆதாரமாகாது. முறையிடலாம், வேறிடம் தேடலாம், இரு கையேந்தி இறைவனிடம் கேட்கலாம். அநீதமிழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களிடம் எச்சரித்தது அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவே அன்றோ!

அல்லாஹ்வின் மீஸான்

கியாமத்து நாளில் மீஸான் என்னும் தராசு வைக்கப்படும். அங்கே ஒவ்வோர் ஆத்மாவும் தன் அமலைக் கொண்டே நிறுக்கப்படும். பத்துப் பேரில் ஒருவன் நரகத்துக்குப் போயே தீர வேண்டும் என்று மஹல்லாவுக்கு மஹல்லா கணக்கு வைத்து அங்கே யாரையும் தள்ளுவதில்லை. பக்கத்து வீட்டாரின் தட்டு கனப்பதால் நம் தட்டு இலேசாகிவிடாது. நிறுவை மோசடியைக் கண்டித்துத் தொடங்கும் அதே முதஃப்பிஃபீன் அத்தியாயம்தான், சுவனத்தின் இன்பங்களைக் கூறி, போட்டியிடுவோர் இதற்காகப் போட்டியிடட்டும் என்றும் தூண்டுகிறது. ஒருவர் முந்துவதால் மற்றவர் இழக்காத போட்டி அது!

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இரவில் சோர்ந்து வந்து, யாரிடமும் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். அலுவலகம் அன்று அவர் கையில் ஒரு தாழ்ந்த எண்ணைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அந்த நேரத்தில், "பக்கத்து வீட்டு மாமியின் மகனுக்குச் சம்பளம் கூடியிருக்கிறதாமே!" என்று ஆரம்பிக்காதீர்கள். அங்கே ஒரு கோணல் தராசு, வீட்டிலும் ஒன்றா? "சாப்பிட்டாயா வாப்பா?" என்று கேளுங்கள். பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தாதீர்கள். ஒவ்வொருவரையும் அவரவர் முயற்சியைக் கொண்டே நிறுங்கள்.

கடையில் நான்கு பேரை வைத்து வேலை வாங்கும் நம் முதலாளிமார்களே! நீங்களும் மேய்ப்பாளர்களே, உங்கள் பொறுப்பில் உள்ளவர் பற்றி உங்களிடம் கேள்வி உண்டு. கூலிக்கு அமர்த்தி, வேலையை முழுதாக வாங்கிக் கொண்டு, கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்ற ஹதீஸை நினைத்து நடுங்குங்கள். அமெரிக்கக் கம்பெனியைக் குறை கூறுவது எளிது. நம் கல்லாப் பெட்டியின் அருகில் இருக்கும் தராசு நேராக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

யா அல்லாஹ்! பிறர் உழைப்பை நிறுக்கும்போது நீதமாக நிறுக்கும் நேர்மையை எங்களுக்குத் தந்தருள்வாயாக! குறைத்து நிறுக்கப்பட்டு உள்ளம் நொந்திருப்போருக்கு ஸப்ரையும் நல்ல வழியையும் ஹலாலான ரிஸ்கையும் அருள்வாயாக! உன் மீஸானில் எங்கள் நன்மையின் தட்டைக் கனமாக்குவாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!