சாட்சி எங்கே?



ஒழுக்கத்தைப் பற்றி மேடையில் முழங்குவது எளிது. பிறர் ஒழுக்கத்துக்குத் தெருவில் நின்று தீர்ப்புச் சொல்வது அதைவிட எளிது. ஆனால் நம் மார்க்கம் அந்த வாசலை எவ்வளவு இறுக்கமாக அடைத்திருக்கிறது, பாருங்கள்!

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்துமாலையைத் தேடச் சென்ற அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் படையை விட்டுப் பின்தங்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் அன்னையைத் தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் நடந்தே அழைத்து வந்தார்கள். நடந்தது இவ்வளவே. முனாபிக்குகள் கிளப்பிய பழியோ மதீனாவில் ஒரு மாதம் உலவியது. சில முஃமின்களின் நாவுகூட வழுக்கியது.

மற்றொரு துணைவியாரான ஸைனப் (ரலி) அவர்களை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். தம் காதையும் கண்ணையும் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவிடம் நன்மையையன்றி வேறெதையும் அறியவில்லை என்றும் அவர்கள் பதில் சொன்னார்கள். போட்டிக்கு இடமிருந்த உறவிலும் எத்தகைய நேர்மை!

அன்னையின் தூய்மையை அல்லாஹுத் தஆலாவே சூரத்துந் நூரில் அறிவித்தான். கற்புள்ள பெண்மீது பழி சுமத்தி, 4 சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி என்பதும், அவரது சாட்சியம் ஏற்கப்படாது என்பதும் அதே சூராவின் சட்டம்.

இன்றோ, வேலைக்குப் போன பெண் இருட்டிய பின் வீடு திரும்பினால் போதும். திண்ணையிலும் கைப்பேசியிலும் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். சொன்னவரிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. ‘ஊர் சொல்கிறது’ என்கிறோம். ஊர் என்பது நாம்தானே!

அத்தகைய பேச்சு நம் வாசலுக்கு வந்தால், அங்கேயே அதை நிறுத்துவோமாக! வல்ல ரஹ்மான் நம் நாவுகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.