புதியது யாருக்கு, பழையது யாருக்கு?

கடைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவதும் ஒரு சங்கதியா, அதற்கு ஒரு கட்டுரையும் வேண்டுமா என்று சகோதரர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மனிதனுடைய மனத்தை அறிய வேண்டுமானால் மேடையில் அவன் பேசுவதைக் கேட்டால் மட்டும் போதாது. கல்லாப்பெட்டியைத் திறந்து யாருக்கு எவ்வளவு எடுத்து வைக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். வியாபாரிகளாகிய நமக்கு இது தெரியாததன்று.

சில வாரங்களுக்கு முன், பினாங்கில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கையில் தம் யோசனையைச் சொன்னார். அவருக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் தேவை. ஒன்று, சாப்பாட்டுக் கடைகளுக்கு அரிசி, எண்ணெய், மசாலைச் சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப் பையனுக்கு. மற்றொன்று, காலேஜில் சேர்ந்திருக்கும் தம் மகனுக்கு. வண்டி விற்கும் கடையில் ஒரே இனத்தில் இரண்டு மாடல்களைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டும் 155 சி.சி. முந்திய மாடலுக்கு விலை குறைத்து 9,300 வெள்ளி. புதிதாக வந்திருப்பதற்கு 11,100 வெள்ளி. அதில் ஒரு காசு குறையாது.

“கடைப் பையனுக்குப் பழையது, மகனுக்குப் புதியது என்று முடிவு செய்துவிட்டேன். பையன் வண்டியில் 1,800 வெள்ளி மிச்சம். சரிதானே, நானா?” என்றார்.

“சரிதான்” என்று சொல்லிவிட்டேன். சிக்கனம் நல்ல குணம். கடைக்குக் குறைந்த விலையில் சாமான் வாங்குவது முதலாளியின் கடமை. ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தச் ‘சரிதான்’ என் நெஞ்சில் முள்ளாகக் குத்தத் தொடங்கிற்று. எதனால் என்பதை விளங்கிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

புதிய மாடல் வந்தவுடன் பழைய மாடலின் விலை ஏன் இறங்குகிறது? இதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெருநாளைக்கென்று வரவழைத்த துணியைப் பெருநாள் கழிந்த மறுநாள் எந்த விலைக்குத் தள்ளுகிறோம்? துணி நைந்து போகவில்லை, சாயம் வெளுக்கவில்லை, காலண்டரில் ஒரு தாள் கிழிந்தது, அவ்வளவே. சரக்கு முடங்கினால் முதல் முடங்கும், இடம் அடைபடும். ஆகவே விற்பவன் விலையைக் குறைப்பது தர்மமும் அன்று, தந்திரமும் அன்று, வியாபார நியாயம். வாங்குபவன் அந்த விலைக்கு வாங்குவதிலும் இழிவு ஒன்றுமில்லை.

விற்பவன் மறைக்கும்போதுதான் பாவம் நுழைகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே போட்டிருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்த செய்தி நாம் அறிந்ததே. வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை வாய் திறந்து சொல்லாமல் விற்பதும் ஈரத்தை அடியில் வைப்பதுதான். சிலருடைய நாக்கு இன்னும் விந்தையானது. பழைய சரக்கு கையிலிருக்கும் வரை “புதியதில் என்ன இருக்கிறது, பெயிண்ட்தான் வேறு” என்பார்கள். புதிய சரக்கு வந்து இறங்கிய மறுநாள், “பழையதை யார் வாங்குவார்கள்?” என்பார்கள். நம்மிலும் இப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை.

இனி வாங்குபவனின் மனத்துக்கு வருவோம். 1958-ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா கம்பெனியார் ‘சூப்பர் கப்’ என்னும் சிறு வண்டியை வெளியிட்டார்கள். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்து பரப்பினார். நம் நாட்டார் ‘கப்சாய்’ என்று செல்லமாக அழைக்கும் வண்டிகளெல்லாம் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். 2017-ஆம் ஆண்டில் சூப்பர் கப் வண்டிகளின் உற்பத்தி 10 கோடியை எட்டியது. இத்தனை ஆண்டுகளில் அதன் உருவம் பெரிதாக மாறவே இல்லை. மீன் கூடையும் ரொட்டிப் பெட்டியும் சுமந்து, மலாயாவின் சந்து பொந்துகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. பழைய மாடல் என்பதால் ஒரு வண்டி ஓடாமல் போவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆயினும் ஆண்டுதோறும் ‘புதிய நிறம்’ என்று விளம்பரம் வருகிறது. இயந்திரம் அதே, சக்கரம் அதே, ஸ்டிக்கர் வேறு. அந்த ஸ்டிக்கருக்காகச் சென்ற ஆண்டு வாங்கிய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கடன் எழுதும் இளைஞர்களை நாம் காண்கிறோம். அவர்கள் ஏறிச் செல்ல வாங்குகிறார்களா, பிறர் பார்க்க வாங்குகிறார்களா? திருக்குர்ஆனின் 102-ஆம் அத்தியாயம், அதிகம் தேடுவதில் ஒருவரையொருவர் முந்தும் ஆசை மண்ணறை வரை மனிதனைப் பராக்காக்கிவிடுவதைக் கடிந்து பேசுகிறது. இளைஞர்களை மட்டும் சொல்வானேன்? கார் வாங்கும்போது நாமும் அப்படித்தான்.

அதற்காகப் புதியதை வாங்குவதே குற்றம் என்று சொல்ல நான் முன்வரமாட்டேன். தன் அடியானுக்குத் தான் கொடுத்த அருட்கொடையின் அடையாளம் அவன்மீது தெரிவதை அல்லாஹ் விரும்புகிறான் என்னும் கருத்திலும் நபிமொழி உண்டு. 25-ஆம் அத்தியாயத்தின் 67-ஆம் வசனம், வீண் செலவும் கஞ்சத்தனமும் இல்லாத நடுவழியை ரஹ்மானுடைய அடியார்களின் குணமாகக் காட்டுகிறது. இயலாதவன் புதியதற்கு ஆசைப்படுவது ஒரு தவறென்றால், இயன்றவன் எதற்கும் பழையதையே தேடி அலைவதும் மற்றொரு தவறு. இந்த இரண்டாவது தவறை நாம் ‘சிக்கனம்’ என்று பெயர் சூட்டி மறைத்து வைத்திருக்கிறோம்.

கடன் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கையில் 9,300 வெள்ளி உள்ளவன் பழைய மாடலை ரொக்கத்துக்கு வாங்கினால் அன்றோடு கணக்கு முடிந்தது. அவனே புதியதற்கு ஆசைப்பட்டு, 1,100 வெள்ளி முன்பணம் கட்டி, மீதிக்கு மாதம் 290 வெள்ளி வீதம் 48 மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முடிவில் அவன் கொடுத்தது 15,020 வெள்ளி. கடைக்காரன் சொன்ன வித்தியாசம் 1,800. உண்மை வித்தியாசம் 5,720. அதில் வட்டி கலந்திருந்தால் பாவச் சுமை வேறு. 1983-இல் பேங்க் இஸ்லாம் தொடங்கியது முதல் இந்நாட்டில் ஷரீஅத்துக்கு இசைந்த முறைகள் வளர்ந்திருப்பது உண்மையே. எனினும் முறை எதுவானாலும் கடன் கடன்தான். கடனின் பாரத்தைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடிய நாயகத்தின் உம்மத்தினர் நாம்.

சிங்கப்பூர்ச் சகோதரர்களின் கணக்கு வேறு. அங்கே 1990 முதல் வாகனம் வைத்துக்கொள்ள 10 ஆண்டு உரிமைச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான சீட்டே 2022-இல் 10,000 வெள்ளியைத் தாண்டிற்று. பழைய மாடலானாலும் புதியதானாலும் சீட்டுக்கு அதே விலை. அங்கே வண்டியில் கிடைக்கும் தள்ளுபடி சமுத்திரத்தில் கரைத்த உப்பு.

நிற்க. நண்பர் சொன்ன இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் நிறமும் விளக்கும் மட்டுமாக இருந்திருந்தால், என் நெஞ்சில் முள் குத்தியிராது. மறுநாள் நானே அந்தக் கடைக்குப் போய் விசாரித்தேன். முக்கியமான வித்தியாசம் பிரேக்கில் இருந்தது. புதியதில் ஏ.பி.எஸ். உண்டு, பழையதில் இல்லை.

சாதாரண பிரேக்கை அவசரத்தில் இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். வண்டியோ நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ஓட்டுபவன் கீழே விழுவான். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், சக்கரம் அப்படி நிற்கப்போவதை ஒரு கருவி உணர்ந்து, பிடியை ஒரு நொடிக்குள் பலமுறை தளர்த்தியும் இறுக்கியும் கொடுக்கிறது. சக்கரம் சுழன்றுகொண்டே வேகம் குறைகிறது. மழையில் நனைந்த தார்ச்சாலையிலும் சாலையில் பூசிய வெள்ளைக் கோட்டின்மீதும் இதன் அருமை தெரியும். மலேசியாவில் 150 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல் மோட்டார் சைக்கிள்களுக்கு 2025-ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் இதைக் கட்டாயமாக்கியது சும்மா அன்று. இந்நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்வோரே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மனிதனின் நலன்களை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். இன்றியமையாதது முதல் படி; தேவையானது இரண்டாம் படி; அழகு சேர்ப்பது மூன்றாம் படி. முதல் படியில் அவர்கள் வைத்த ஐந்தில் உயிரைக் காப்பதும் ஒன்று. ஸ்டிக்கர் மூன்றாம் படி. அதை விட்டுக் கொடுக்கலாம், விட்டுக் கொடுப்பது சிறப்புங்கூட. பிரேக் முதல் படியைச் சேர்ந்தது. மூன்றாம் படிச் சரக்கைத் தள்ளுபடியில் வாங்குவதற்கும் முதல் படிச் சரக்கைத் தள்ளுபடியில் விடுவதற்கும் ஒரே பெயர் வைத்து, இரண்டையும் சிக்கனம் என்று நண்பர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த கேள்வி, யாருக்கு எது என்பது. மகன் காலையில் காலேஜுக்குப் போவான், மாலையில் திரும்புவான். கொட்டும் மழையானால் பஸ்ஸில் போகலாம், அன்றைக்குப் போகாமலும் இருக்கலாம். கடைப் பையனுக்கு அந்தச் சலுகை ஏது? சாப்பாட்டுக் கடைக்காரர் பகல் பதினொரு மணிக்கு அரிசி கேட்டால், மழையானாலும் வெயிலானாலும் போயாக வேண்டும். பின்னால் சுமை, முன்னால் லாரி, சட்டைப்பையில் முதலாளியின் டெலிபோன். சில நாட்களில் பாலத்தைத் தாண்டி பிறைக்கும் போகிறான். கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். ஒரு நாளில் அவன் பிரேக் பிடிக்கும் தடவைகளை மகன் பிடிப்பதற்கு ஒரு வாரம் ஆகும். ஆபத்து அதிகமுள்ளவனுக்குக் காவல் குறைந்த வண்டி. ஆபத்து குறைந்தவனுக்குக் காவல் மிகுந்த வண்டி. கணக்கு தலைகீழாக இருக்கிறதன்றோ?

ஹள்ரத் அபூதர் (ரலி) அவர்களை ரபதா என்னும் இடத்தில் ஒருவர் கண்டார். அவர்கள் அணிந்திருந்ததைப் போன்ற ஆடையையே அவர்களுடைய பணியாளரும் அணிந்திருந்தார். காரணம் கேட்டபோது, உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுப்பதிலிருந்து உடுக்கக் கொடுங்கள், சக்திக்கு மீறிச் சுமை ஏற்றாதீர்கள் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு உபதேசித்ததை எடுத்துச் சொன்னார்கள். இந்த ஹதீஸை நாம் பயான்களில் கேட்டு மகிழ்கிறோம். கடைக்கு என்று எதையாவது வாங்கும்போது மட்டும் மறந்துபோகிறது. வீட்டுக்கு நல்ல அரிசி, கடைப் பையன்கள் சமையலுக்கு மட்ட அரிசி. வீட்டுக்குப் புது மின்விசிறி, பையன்கள் தூங்கும் அறைக்கு வீட்டிலிருந்து கழித்த மின்விசிறி. கழித்ததும் பழையதும் தள்ளுபடியும் எந்தப் பக்கம் போகின்றன என்பதை நம் கணக்குப் புத்தகம் காட்டாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது லேசான மறுப்பும் அன்று. “என் மகனுடைய உயிர் உயிரில்லையா? பெற்றவன் தன் பிள்ளையை முதலில் பார்ப்பது குற்றமா?” குற்றமன்று. பெற்ற பாசத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பணம் இடம் கொடுத்தால் இருவருக்கும் புதியதையே வாங்குவது உத்தமம். ஆனால் மகனை அந்தச் சாலைக்கு அவனுடைய படிப்பு அனுப்புகிறது. பையனை அனுப்புவது நம்முடைய லாபம். நம் லாபத்துக்காக ஒருவன் மழையில் போகும்போது அவனுடைய பிரேக்குக்கு நாம்தான் ஜவாபு சொல்ல வேண்டும். அந்த 1,800 வெள்ளியை மூன்று ஆண்டுக்குப் பகுத்தால் மாதம் 50 வெள்ளி. கடைக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்பதில் அதைவிட அதிகம் ஆகிறது.

வேறொரு மறுப்பு, பையன் வண்டியைப் பாழாக்கிவிடுவான், இரண்டு வருஷத்தில் வேலையைவிட்டும் போய்விடுவான் என்பது. போகட்டுமே. வண்டி கடையில்தானே இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நண்பரைப் பிடித்து, முன்பு அவசரத்தில் சொன்ன ‘சரிதானை’த் திரும்பப் பெற்றுக்கொண்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “மகனிடம் புதியது என்று சொல்லிவிட்டேனே, நானா” என்றார். இருவருமாகக் கடைக்குப் போனோம். பையன் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எந்த வண்டி வேண்டும் என்று முதலாளி அவனையே கேட்டார். இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை போலும். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எதுவானாலும் சரி முதலாளி. பின்னால் கூடை வைக்க இரும்புச் சட்டம் ஒன்று அடித்துக் கொடுங்கள். போன மழையில் வழுக்கி இரண்டு தட்டு முட்டை போய்விட்டது” என்றான்.

வழுக்கிய செய்தி முதலாளிக்கு அதுவரை தெரியாது. முட்டைக்கான பணத்தைப் பையன் தன் கையிலிருந்து கல்லாவில் போட்டிருக்கிறான்.

புதிய வண்டி கடை பேரில் எழுதப்பட்டுவிட்டது. இரும்புச் சட்டமும் அடித்தாயிற்று. மகனுக்கு எது என்பது இன்னும் தீரவில்லை. இந்த ஆண்டு பஸ்ஸிலேயே போகட்டும் என்று அவன் தாயார் சொல்லிவிட்டாராம்.