மேட்டில் மாற்றாத கியர்

கோப்பெங் பக்கம் ஏ.டி.வி. ஓட்டப் போனோம். பின்சீட்டில் என் அத்தை மகன், 14 வயது. காப்சாய் மாதிரி காலால் கியர் தட்டும் வேலையில்லை. பெல்ட்டில் ஓடும் வண்டி. கையால் தள்ளும் ஒரே லீவர்: எச், எல், நியூட்ரல், ரிவர்ஸ். வழிகாட்ட வந்த அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: "இறக்கம் வந்தா மேலேயே நிறுத்துங்க. முழுசா நின்ன பிறகு எல்லுக்கு மாத்துங்க."

எல்லில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜின் அதிகச் சுற்றுச் சுற்றியாக வேண்டும். அந்த இழுவையே வண்டியைப் பிடித்து வைக்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் பின்னால் நான்கு வண்டிகள். நிற்க வெட்கம். எச்சிலேயே இறங்கிட்டேன்.

பாதி இறக்கத்தில் வேகம் பயமுறுத்தியது. லீவரை எல்லுக்கு இழுத்தேன். கரகரவென்று சத்தம்தான் வந்தது. ஓடும்போது அந்தப் பற்கள் சேராது. பிரேக்கை அழுத்தினேன். ஈரமண்ணில் சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. செம்பனை மரத்தில் போய் மோதினோம். தம்பிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"பிரேக் பிடிக்கல அத்தை" என்றேன்.

பொய்யா அது? இறக்கத்தில் என்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்தேன். முடியாமல் போனதற்கு ஒருவனைக் குற்றம் சொல்லலாமா? பல நாள் எனக்கு நானே வக்கீல். ஆனால் என் வாதம் எப்போதும் பாதி இறக்கத்தில்தான் ஆரம்பிக்கும். மேட்டிலிருந்து சொல்லத் தொடங்கினால் கேஸ் நிற்காது. அங்கே அரை நிமிடம் போதுமாக இருந்தது. 'கோபத்தில் வாய் தவறிடுச்சு' என்கிறோமே, அதுவும் இப்படிப் பாதியில் தொடங்கும் கதைதான். யாரும் சொல்லித்தராத ஒருவன் விழுந்திருந்தால்? அவனை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்லித்தந்தார்கள்.

பெரியவர்கள் மனத்தைக் குதிரை என்றார்கள். குதிரையைப் பாதி வழியில் இழுத்துப் பிடிக்கலாம். அந்த வசதி எனக்கு இல்லை.

இதைவிட உறுத்துவது வேறு. அன்று இரவு அத்தை அந்த அண்ணனைப் போனில் திட்டினார். "வண்டியை ஒழுங்கா பாக்கறதே இல்லையா?" அவர் மறுபேச்சுப் பேசவில்லை போலிருக்கிறது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போது எந்த இறக்கமும் இல்லை, பின்னால் எந்த வண்டியும் இல்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த இதழ் அத்தை வீட்டுக்கும் வரும். அதற்கு முன்னால் நான் போயாகணும்.